கூலியாட்கள் காலால் கண்டெடுத்த பறவை

1865-ஆம் ஆண்டு. மொரீஷியஸ் தீவின் தென்கிழக்கில், மஹேபூர்க் அருகே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் ஹாரி ஹிக்கின்சன் ஒருநாள் கரைமேட்டில் நடந்து போகையில், கீழே சதுப்பில் கூலியாட்கள் கரிய மண்ணை வெட்டி எடுப்பதைப் பார்த்தார். மண்ணோடு எலும்புகளும் வந்தன. அவர்கள் அந்த எலும்புகளைப் பிரித்துத் தனித்தனிக் குவியலாக வைத்திருந்தார்கள். ஹிக்கின்சன் சிலவற்றை எடுத்துப் போய் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க்கிடம் காட்டினார்.

அத்தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறக்காத பறவை டோடோ. அதன் எலும்பைப் பல்லாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தவர் கிளார்க். உடனே சதுப்பின் நடுப்பகுதிக்குச் சில கூலியாட்களை இறக்கினார். மூன்றடித் தண்ணீர், அடியில் சேறு. வெறுங்காலால் துழாவியவர்களுக்கு முதலில் தட்டுப்பட்டது ஒரு முழுக் கால் எலும்பு. அப்புறம் எலும்புகள் வந்துகொண்டே இருந்தன.

அவற்றை 1866-இல் லண்டனில் விவரித்து எழுதிய உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவனுக்குப் புகழ் சேர்ந்தது. கிளார்க்கின் பெயரும் நூல்களில் நின்றது. சேற்றில் இறங்கியவர்களின் பெயர் மட்டும் எங்கும் பதிவாகவில்லை.

அன்று மொரீஷியஸில் கூலி என்றால் பெரும்பாலும் இந்தியர்தான். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கென்று சுமார் நாலரை லட்சம் பேர் அங்கே கப்பலில் கொண்டுபோகப்பட்டார்கள். அதிகம் பேர் கல்கத்தா வழியாகப் போன பீகார்க்காரர்கள்; சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் போனார்கள். ஆள் சேர்த்த இடங்களில் ஆற்காட்டுப் பகுதியும் உண்டு. சதுப்பில் இறங்கியவர்கள் எந்த ஊராரோ, நாற்று நட்டுப் பழகிய கால்களாக இருந்தால் சேற்றுக்குள் வேர் எது, எலும்பு எது என்பது புரியாமலா போகும்?

சரி, டோடோவை யார் கொன்றது? டச்சு மாலுமிகள் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்பது பள்ளிப் பாடம் வரை போய்விட்ட கதை. தொல்லியலாளர்கள் இப்படிப்பட்ட கதைகளைக் குப்பைக்குழியில் வைத்துத்தான் சோதிப்பார்கள். 1638 முதல் 1710 வரை டச்சுக்காரர்கள் இருந்த பிரெடெரிக் ஹென்ரிக் கோட்டையை அகழ்ந்தபோது, அவர்கள் தின்று போட்ட எலும்புகள் கிடைத்தன. டோடோ எலும்பு ஒன்றுகூட அதில் இல்லை. சதுப்பில் கிடைத்தவையும் வேட்டைக்குச் சாட்சியாகாது. அவை சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், தீவில் மனிதரே இல்லாத காலத்தில் செத்தவை. மாலுமிகள் டோடோவைத் தின்றது உண்மைதான். அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் தரையில் முட்டையிடும் பறவைக்குப் பெரிய எமனாக வந்தவை கப்பலோடு இறங்கிய எலி, பன்றி, குரங்கு ஆகியவைதான். நம்பத்தக்க கடைசிப் பதிவு 1662-ஐச் சேர்ந்தது.

கடற்பறவைகளின் கதை வேறு. அங்கே வேட்டைக்காரன் கையும் களவுமாகப் பிடிபடுகிறான். வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த பறக்காத பறவை பெரிய ஆக். கனடாவின் போர்ட் ஓ ஷுவாவில் சுமார் நாலாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கல்லறையில் அதன் அலகுகள் மட்டும் இருநூறுக்கு மேல் கிடைத்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேட்டையாடப்பட்டும் அது தாக்குப்பிடித்தது. இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் மெத்தையில் அடைக்கும் இறகுக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1844 ஜூனில் ஐஸ்லாந்தின் எல்டே பாறைத்தீவில் கடைசி இணையைக் கொன்றார்கள். பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, வேட்டை தீவிரமாவதற்கு முன் அந்த இனம் நலிந்துகொண்டிருந்ததற்கு அடையாளமில்லை என்றது. தானாகவே அழிந்திருக்கும் என்று சப்பைக்கட்டுக் கட்ட வழியில்லை.

கலிபோர்னியாக் கரையில் வாழ்ந்த பறக்காத கடல்வாத்து ஒன்று இன்னும் விசித்திரம். பழங்குடிகளின் குப்பைமேடுகளில் கிடைத்த எலும்புகளைக் காலக்கணிப்பு செய்தபோது, வேட்டை தொடங்கி அது மறையும்வரை ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகள் ஓடியிருந்தது தெரிந்தது. அழிவு எப்போதும் அவசரத்தில் நடப்பதில்லை.

டோடோவை மனிதர் தின்றதற்கு எலும்புச் சாட்சி இருக்கிறதா என்றால், மொரீஷியஸின் தெற்கே பே து காப் பகுதிக் குகைகளுக்குப் போகவேண்டும். அங்கே குறைந்தது இரண்டு டோடோக்களின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் கரடுமுரடான உயரத்துக்கு டோடோ தானாக ஏறியிருப்பது கடினம். யாரோ தூக்கிப் போயிருக்கவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் அந்தக் குகைகளில் ஒளிந்திருந்தவர்கள் டச்சு அதிகாரிகள் அல்ல; அவர்களிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகளும் கைதிகளும்.

(தொடரும்)