கச்சா எண்ணெய் ஏறியது, கோதுமை காத்திருந்தது

சரக்கு இருந்தால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. அது வந்து சேர வழியும் வேண்டும். வணிகர்களாகிய நாம் அறிந்த இந்த உண்மையை அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம் 2013, 2014 ஆண்டுகளில் பட்டு உணர்ந்தது.

கோதுமையும் பட்டாணியும் மசூர் பருப்பும் விளையும் பூமி அது. அங்கே டியோகா என்ற ஊரருகே 1951-ல் எண்ணெய் கிடைத்தது. ஆனால் பெரும் இருப்பு, சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் 'பேக்கன்' என்ற பாறை அடுக்கில் அகப்படாமல் கிடந்தது. ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டான அடுக்கு இது. மேலும் கீழும் 'ஷேல்' எனப்படும் கரிய களிப்பாறை. நடுவில் வேறு வகைப் பாறை. களிப்பாறையில் உருவான எண்ணெய், நடுப்பாறையின் நுண்துளைகளில் சிக்கியிருக்கிறது. வெறுமனே துளையிட்டால் போதிய அளவு ஊறி வராது. துளையைப் படுக்கைவாட்டில் வெகுதூரம் செலுத்தி, மணல் கலந்த தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பாய்ச்சிப் பாறையை விரிசல்விடச் செய்ய வேண்டும். விரிசல் மூடிக்கொள்ளாதபடி மணல் தாங்கி நிற்கும்.

இம்முறை பரவியதும் உற்பத்தி பெருகியது. 2014 ஏப்ரலில் அது நாளொன்றுக்கு 10 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. இவ்வளவையும் கொண்டுசெல்லக் குழாய்ப்பாதை போதவில்லை. எண்ணெய் ரயில் ஏறியது. சுமார் 100 டேங்கர் வேகன்கள் கொண்ட ஒரு வண்டி ஏறத்தாழ 70,000 பீப்பாய் சுமக்கும்.

ஆனால் தண்டவாளம் ஒன்றுதானே! நல்ல விளைச்சலும் கடுங்குளிரும் சேர்ந்துகொள்ள, தானிய வேகன்கள் வாரக்கணக்கில் தாமதமாயின. கிடங்குகள் நிரம்பின. வேகன் பிடிக்கக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. தேங்கிய தானியத்தை எப்படி அனுப்பப்போகிறீர்கள் என்று ரயில் நிறுவனங்களிடம் மத்திய அரசின் போக்குவரத்து வாரியம் 2014-ல் கணக்குக் கேட்டது. ரயில் நிறுவனங்களும் இரட்டைப் பாதை போட்டன.

ஆபத்தும் உடன் வந்தது. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக் மெகாந்திக் நகரில் பேக்கன் எண்ணெய் ஏற்றிய ரயில் தடம் புரண்டு தீப்பிடித்ததில் 47 பேர் மாண்டனர்.

பிறகு விலை சரிந்தது. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. எண்ணெய் வேலைக்கு வந்த கூட்டம் குறைந்தது. அதை நம்பிக் கட்டிய வீடுகள் பல காலியாகக் கிடந்தன. 2017 ஜூனில் புதிய பெருங்குழாய் திறக்கப்பட்டதும் ரயிலில் ஏறும் எண்ணெயும் குறைந்தது. போட்ட இரட்டைப் பாதை மட்டும் வீண்போகவில்லை. இன்றும் அதில் தானியம் போகிறது.

நம் கடைக்கும் இதில் பாடம் உண்டு. நமது மூட்டைகள் வரும் பாதையில் அதிக வாடகை தரும் வேறு சரக்கு நுழைந்தால், முதலில் காத்திருப்பது நம் மூட்டைதான். ஆகவே கொள்முதலுக்கு ஒரே வழியை நம்பாமல் மாற்று வழி ஒன்றையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. திடீரெனக் கூட்டம் பெருகும் ஊரில் கையிருப்பைக் கூட்டலாம். கடன் வாங்கிக் கட்டடத்தைக் கூட்டுமுன் இருமுறை யோசிக்க வேண்டும். வந்த கூட்டம் போய்விடும், வட்டி போகாது.