குல்மார்க் பனிக்கு எத்தனை அடுக்கு?

மந்தைவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு காஷ்மீரின் குல்மார்க் போகிறார்களாம். மாமியாருக்கு வயது 68, மகனுக்குப் பத்து. என்னென்ன எடுத்துப் போகவேண்டும், இரண்டு நாளில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள முடியுமா, பனி நன்றாக இருக்குமா என்று மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் பதில் எளிது. மூன்றாவதுதான் இந்தப் பத்தியாளரைப் பல நாளாக விடாமல் பிடித்து வைத்திருக்கிற கேள்வி.

தமிழில் பனி என்பது தாராளமான சொல். மார்கழி விடியலில் மாடவீதிக் கோலத்தின்மேல் இறங்குவதும் பனி, இமயத்தை மூடிக் கிடப்பதும் பனி. காஷ்மீரிகளுக்கு விழும் பனி 'ஷீன்'. பருவத்தின் முதல் பனியைப் பொட்டலமாக மடித்து, என்னவென்று சொல்லாமல் நண்பர் கையில் கொடுத்துவிட்டால் வாங்கியவர் விருந்து வைக்கவேண்டும் என்று அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் கடுங்குளிருக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்'. கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா', அதாவது குட்டிக் குளிர்.

தமிழர்களில் ஒரு தலைமுறைக்குக் காஷ்மீர்ப் பனியை அறிமுகம் செய்தது 1992இல் வந்த 'ரோஜா'. அதில் காஷ்மீராகக் காட்டப்பட்ட பனி மணாலிப் பக்கம் எடுக்கப்பட்டது. அன்றைய காஷ்மீரில் படப்பிடிப்பு நடத்தும் நிலை இல்லை. குல்மார்க்கின் ரோப் காருக்கும் அதே கதிதான். 80களின் கடைசியில் தொடங்கிய வேலை கலவரங்களால் நின்றுபோய், முதல் கட்டம் 1998இல்தான் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2005இல். பனிச்சறுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வந்துவிட்டது. ஆங்கிலேயர்கள் 1927இல் அங்கே சறுக்குச் சங்கம் அமைத்தார்கள். 1948இல் ராணுவம் தன் சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. இன்று உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளி என்று அறியப்படுவது அதுதான்.

உயரத்தை ஊட்டியை வைத்து அளந்தால் நமக்குப் புரியும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளியே ஏறக்குறைய 2,650 மீட்டர். தமிழ்நாட்டுக்காரர் ஊட்டியில் எட்டும் உச்சிதான் அங்கே தரைமட்டம். ரோப் காரின் முதல் கட்டம் கோங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோள் வரை, சுமார் 3,950 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மந்தைவெளியில் கட்டிய முறுக்குப் பொட்டலம் பலூன்போல உப்பிவிடும். தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் டிகாக்‌ஷனும் வீட்டில் இறங்குவதுபோல இறங்காது.

கடல்மட்டத்து மனிதர் ஒரே நாளில் விமானம், கார், ரோப் கார் என்று மாறி மாறி ஏறி இந்த உயரத்தில் போய் நின்றால் தலைவலி, குமட்டல், மூச்சு வாங்கல் எல்லாம் வரும். ஸ்ரீநகரில் ஒரு இரவு, குல்மார்க்கில் ஒரு இரவு தங்கியபிறகு மேலே போவது நல்லது. மாமியாருக்கு இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இரண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். கோங்டூரியிலேயே பார்க்க வேண்டிய அளவு பனி உண்டு.

வழியைப் பற்றிச் சுருக்கமாக. டெல்லி மாறிப் போகும் விமானம் மூடுபனியில் தாமதமாகலாம். ரயிலில் போக விரும்புகிறவர்கள் சென்ட்ரலில் அந்தமான் எக்ஸ்பிரஸ் ஏறிக் கத்ராவில் இறங்கலாம். 2025 ஜூன் முதல் அங்கிருந்து செனாப் பாலத்தின் வழியாக ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர், தங்மார்கிலிருந்து ஏறும் மலைப்பாதை. பனி விழுந்த நாளில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோ டயரில் சங்கிலி கட்டிய வண்டியோதான் அங்கே ஏறும். ரோப் கார் டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்கவேண்டும். காற்று வலுத்தால் பழனி ரோப் கார் நிற்பதுபோல இதுவும் நிற்கும். அதனால் கையில் ஒரு நாளாவது உபரியாக இருக்கவேண்டும். சென்னையில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் எண் ஒன்று வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு பல இடங்கள் மூடப்பட்டுப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. கிளம்பும் வாரத்தில் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு போவது அவசியம்.

உடையில் சென்னைக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, பருத்தி. நம் ஊரில் பருத்தி ஒரு வரம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்து உடம்பைக் குளிர்விக்கும். பனியில் அதே குணம் ஆபத்தாகிவிடும். மூன்று முறை விழுந்து எழுந்தால் உள்ளே வியர்க்கும், அந்த ஈரமே உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். உள்ளாடை கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கட்டும். மேலே ஒரு கம்பளி, அதற்கும் மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு. கோட்டும் பூட்ஸும் தங்மார்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும், கையுறையும் காலுறையும் சொந்தமாக இருப்பது நல்லது. காலுறை இரண்டு ஜோடி போட்டுப் பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும்.

கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் எதற்கு, போவதே குளிருக்குத்தானே என்று கேட்பார்கள். பெசன்ட் நகர் மணல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதுப்பனி 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடும். வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிப்பதால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூட தோல் எரியும். கண்ணாடி இல்லாமல் பகல் முழுக்க விளையாடும் குழந்தைக்கு இரவில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். அதுதான் பனிக்குருடு.

இரவில் அறையைச் சூடாக்கக் கரி அடுப்போ, 'புகாரி' என்ற காஷ்மீர்க் கணப்படுப்போ வைத்தால் கொஞ்சமாவது காற்று புக வழி வேண்டும். மூடிய அறையில் கரிப்புகை சத்தமில்லாமல் கொல்லும்.

இனி மூன்றாவது கேள்வி. பனி நன்றாக இருக்குமா?

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் ஒரு காலத்தில் ஐஸ் ஹவுஸ். ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றி, 1840களில் அங்கே சேமித்து விற்றார். மாதக்கணக்கில் கடலில் மிதந்தும் அது முழுக்க உருகாமல் வந்து சேர்ந்ததற்குக் காரணம் மரத்தூள். தூளுக்கு நடுவே சிக்கிய காற்று வெப்பத்தை உள்ளே விடாது. புதுப்பனியும் அப்படித்தான். அதன் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்று. மலை தன்மேல் மரத்தூளைக் கொட்டிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளலாம்.

மேலே இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்கும் போகும். பனிப்போர்வைக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யத்திலேயே இருக்கும். இந்த வித்தியாசத்தால் அடியிலிருக்கும் ஈரம் ஆவியாக மேலே நகர்ந்து, வழியிலுள்ள பனித்துகள்களின்மேல் படியும். துகள்கள் நாளுக்கு நாள் மாறும். கோலமாவுபோல ஒட்டிக்கிடந்தவை சீனிபோல, பிறகு கற்கண்டுத் தூள்போல முனைகளோடு தனித்தனியாக நிற்கும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க முடியாது, விரலிடுக்கில் ஒழுகிவிடும். போர்வை மெல்லியதாகவும் வானம் பல நாள் தெளிந்தும் இருந்தால் இது வேகமாக நடக்கும். அதன்மேல் ஒரு பெரும்பனி வந்து இரண்டடி மூன்றடி படிந்தால், பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே வெள்ளை. உள்ளே கனமான பலகை ஒன்று சீனித் தரையின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

தி. நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மடித்த பருத்திப் புடவைகளை எத்தனை உயரத்துக்கு அடுக்கினாலும் நிற்கும். நடுவில் வழுக்கும் கிரேப் ஒன்று சேர்ந்துவிட்டால், அடியிலிருந்து ஒன்றை உருவும்போது அதற்கு மேலுள்ளவை மொத்தமாக, மடிப்புக் கலையாமல் சரியும். பனிச்சரிவில் அதிக உயிர் பறிப்பது இந்த வகைதான். சரிவின் சாய்வு பெரும்பாலும் 30க்கும் 45 டிகிரிக்கும் நடுவில் இருக்கும், ஏறக்குறைய நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு அல்லது அதைவிடச் சற்றே செங்குத்து. இப்படிச் சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் பலகையை உடைத்தது அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோதான்.

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, வானம் நீலமாக, மரமெல்லாம் வெள்ளையாக இருக்கும். படத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. செங்குத்தான சரிவுகளுக்கு அதைவிட மோசமான நாளும் இல்லை. வாசகி 'நன்றாக' என்று எழுதிய சொல்லுக்கு மலையில் இரண்டு பொருள்.

அஃபர்வத் இதைப் பலமுறை காட்டியிருக்கிறது. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க் பக்கம் சரிவில் சிக்கி 17 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். பனியில் இயங்கவே பயிற்சி பெற வந்தவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1இல் போலந்தைச் சேர்ந்த இரு சறுக்கு வீரர்கள், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். புதைந்தவர்களை முதல் பத்து பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நம்பிக்கை வேகமாகக் குறையும். அதனால்தான் சறுக்குப் பகுதியின் எல்லைக்கு வெளியே சறுக்கப் போகிறவர்கள் இருப்பிடம் காட்டும் கருவி, நீளக் குச்சி, மண்வெட்டி மூன்றையும் சுமக்கிறார்கள்.

மேல் நிலையத்தைச் சுற்றிக் காவல் உள்ள பகுதி ஒன்று உண்டு. சறுக்குக் காவல் படையினர் அன்றன்று பனியைச் சோதித்து அபாய அளவை அறிவிப்பார்கள். அந்த எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போய்ப் படமெடுத்துக்கொள்வது இப்போது வழக்கமாகி வருகிறது. கயிறு ஒரு முழ உயரம்தான், எட்டு வயதுக் குழந்தைகூடத் தாண்டிவிடும். அதைக் கட்டியவர் விடிகாலையில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பேச்சைக் கேட்பதால் நமக்குக் குறையப்போவது ஒரு படம் மட்டுமே.

கற்றுக்கொள்ளும் ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. ரோப் கார் அடிவாரத்தின் மெல்லிய சரிவில், அனுமதி பெற்ற பயிற்சியாளரோடு இரண்டு நாள் செலவிட்டால், முன்முனைகளைச் சேர்த்து வேகத்தைக் குறைப்பது, நிற்பது, திரும்புவது மூன்றும் பத்து வயதுப் பையனுக்கு வந்துவிடும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகும். மாமியாருக்கு ஸ்லெட்ஜ் இருக்கிறது. அதை இழுப்பவர் நம்மையும் சுமந்து மேட்டில் ஏறுகிறார். அவருடைய வருமானம் இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளலாம், ஏமாற வேண்டியதில்லை. ரங்கநாதன் தெருவில் பேசுவதுபோலப் பாதிக்குப் பாதி கேட்பது மட்டும் அங்கே பொருந்தாது.

பனி வராமலே போகும் ஆண்டுகளும் வருகின்றன. காஷ்மீரின் குளிர்காலப் பனி நமக்கு மழை தரும் வடகிழக்குக் காற்றால் வருவதல்ல. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழல்கள் கொண்டுவருவது. 2024 ஜனவரியில் அவை தவறின. மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனியில்லாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன.

காஷ்மீரிகள் வருந்துவது சறுக்குக்காக மட்டும் அல்ல. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நீர்மட்டத்தைக் காலைப் பேப்பரில் தேடும் சென்னைக்காரருக்கு இது உடனே புரியும். 2019இல் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே. காஷ்மீரின் ஏரி மலைமேல் இருக்கிறது. சில்லை கலானில் விழும் பனி இறுகி, கோடையில் மெல்ல உருகி, ஆப்பிள் தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் இறங்கவேண்டும். மார்ச்சில் விழுவது ஏப்ரலுக்குள் ஓடிவிடும். அந்த நீர்த்தேக்கத்தின்மேல்தான் சிப்ஸ் உறையையும் தண்ணீர் பாட்டிலையும் எறிந்துவிட்டு வருகிறோம். அடுத்த பனி மூடிவிடுவதால் அவை மறைந்துவிட்டதாகத் தோன்றும். ஏப்ரலில் எல்லாம் மேலே வந்து, ஓடையோடு தங்மார்குக்கு இறங்கும்.

ஆகவே மந்தைவெளி வாசகிக்கு: பொங்கலுக்குப் போனால் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி கடைசி வரை வாய்ப்பு அதிகம். பள்ளிக்கு நாலு நாள் லீவு போட முடியுமானால் அப்போது போங்கள். பெரும்பனி பெய்த மறுநாள் அடிவாரத்திலேயே விளையாடுங்கள், மேலே போவது அதற்கடுத்த நாளாக இருக்கட்டும். பெட்டியில் கறுப்புக் கண்ணாடி நான்கு, கம்பளிக் காலுறை எட்டு ஜோடி, காலி உறைகளைத் திருப்பிக் கொண்டுவர ஒரு துணிப்பை. வாய்ப்புக் கிடைத்தால் பாதை ஓரத்தில் பையனை ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். பக்கச் சுவரை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தால், எந்த அடுக்கு உதிர்கிறது என்று அவனே சொல்வான்.