மடிக்கணினியின் சிமாஸ் மின்கலம்

சிமாஸ் மின்கலம் என்பது, கணினி அணைக்கப்பட்டிருக்கும் வேளையிலும் அதன் கடிகாரம் ஓடுவதற்கும், அடிப்படை அமைப்பு விவரங்கள் அழியாதிருப்பதற்கும் மின்சாரம் வழங்கும் சிறிய மின்கலம் ஆகும். மடிக்கணினியை இயக்கும் முதன்மை மின்கலத்திலிருந்து இது வேறானது. பழைய மடிக்கணினிகளில் இது தீர்ந்துபோவது இயல்பு. இதை மாற்றுவது பெரும்பாலும் கடினமான வேலையன்று. ஆயினும் தவறான வகையைப் பொருத்தினால் கணினிக்கே கேடு விளையலாம்.

பெயரும் தோற்றமும்

சிமாஸ் என்பது உண்மையில் மின்கலத்தின் பெயரன்று. ஒருவகைக் குறைக்கடத்தித் தொழில்நுட்பத்தின் பெயர். மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கியதால் அத்தொழில்நுட்பத்தில் அமைந்த நினைவகமே இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று கணினியின் ஏறத்தாழ எல்லாச் சில்லுகளும் அதே தொழில்நுட்பத்தில் அமைந்திருந்தும், பழைய பெயர் இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

1981-இல் வெளியான ஐ.பி.எம். தனிக்கணினியில் இத்தகைய மின்கலம் இல்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நாளையும் நேரத்தையும் பயனரே தட்டச்சு செய்யவேண்டியிருந்தது. 1984-இல் வந்த ஏ.டி. வகைக் கணினியில் மோட்டோரோலா நிறுவனத்தின் எம்சி146818 கடிகாரச் சில்லு இடம்பெற்றது. அதிலிருந்த 64 பைட்டு நினைவகத்தில் 14 பைட்டுகள் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 50 பைட்டுகளில் கணினியின் அமைப்பு விவரங்கள் வைக்கப்பட்டன. பின்னர் வந்த மடிக்கணினிகளும் இம்முறையையே பின்பற்றின. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அமைப்பு விவரங்கள் மின்சாரமின்றியும் அழியாத நினைவகத்தில் இருப்பதால், அவற்றில் இம்மின்கலத்துக்கு எஞ்சியிருப்பது கடிகாரப் பணி மட்டுமே. சிலவற்றில் தனி மின்கலமே கிடையாது.

இயங்கும் முறை

கடிகாரச் சில்லுடன் இணைந்த குவார்ட்சுப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று கிடைக்கும்; அதுவே ஒரு நொடித் துடிப்பு. இதற்குச் சில மைக்குரோ ஆம்பியர் மின்னோட்டமே போதும். ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிஆர்2032 மின்கலத்திலிருந்து 3 மைக்குரோ ஆம்பியர் எடுக்கப்படுவதாகக் கொண்டால், அது 73,000 மணி நேரம், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல், உழைக்கும். மின்னேற்றியோ முதன்மை மின்கலமோ இணைந்திருக்கும்போது கடிகாரம் பொதுவாக அவற்றிலிருந்தே மின்சாரம் பெறும். எனவே முதன்மை மின்கலம் கழற்றப்பட்டு அலமாரியில் கிடக்கும் மடிக்கணினியில்தான் இச்சிறு மின்கலம் விரைவில் தேய்கிறது.

தீர்ந்துபோனதன் அறிகுறிகள்

நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுவது முதல் அறிகுறி. சில திங்க்பேட் மடிக்கணினிகள் 0251, 0271 போன்ற பிழை எண்களைக் காட்டி நின்றுவிடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், கடிகாரம் தவறினால் உலாவி அவற்றை ஏற்க மறுக்கும். பயனரோ இணைய இணைப்பில் பழுது என்று எண்ணுவார். வன்தட்டு இயங்கும் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டால் இயங்குதளம் தொடங்காமலே போகலாம். கோப்புகள் யாவும் நலமாக இருந்தும் கணினி கெட்டுவிட்டதாகக் கருதப்படுவது இதனால்தான்.

வகையறிதல்

மாற்றும் வேலையில் முதன்மையானது இதுவே. மின்கலத்தின் மேலுள்ள எண்கள் அளவைக் குறிக்கும்: 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். முன்னிற்கும் எழுத்துகள் வேதி வகையைக் குறிக்கும். சிஆர் வகை ஒருமுறை மட்டும் பயன்படுவது. எம்எல், விஎல் வகைகள் மீண்டும் மின்னேற்றத்தக்கவை. சிஆர்1220, எம்எல்1220 இரண்டும் அளவிலும் மின்னழுத்தத்திலும் ஒத்தவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று தடையின்றிப் பொருந்தும். ஆனால் எம்எல் வகைக்கான தாய்ப்பலகை மின்கலத்துக்கு மின்னேற்றம் செய்துகொண்டே இருக்கும். அங்கே சிஆர் வகையைப் பொருத்தினால் அது வீங்கவோ, கசியவோ, வெடிக்கவோ கூடும். மாறாக, சிஆர் வகைக்கான இடத்தில் எம்எல் வகையைப் பொருத்தினால் ஆபத்தில்லை எனினும், கொள்ளளவு மிகக் குறைவாதலால் விரைவில் தீர்ந்துவிடும்.

1990-களின் மடிக்கணினிகள் சிலவற்றில் நிக்கல் காட்மியம், நிக்கல் உலோக ஐதரைடு மின்கலங்கள் உள்ளன. இவை கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும் என்பதால், கணினி பயன்பாட்டில் இல்லாவிடினும் அகற்றிவிடுவதே நல்லது. கசிவு காரத்தன்மை உடையது; சிறிதளவு வினிகரால் துடைத்து, பின் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் தூய்மை செய்யலாம்.

மாற்றும் முறை

கணினி இயங்கும் நிலையிலிருந்தால் முதலில் பயாஸ் அமைப்புகளை, குறிப்பாக வன்தட்டு முறையையும் தொடங்கும் வரிசையையும், தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வன்தட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின் மீட்புத் திறவுகோலும் கையிலிருக்க வேண்டும். அமைப்புகள் மாறியதும் இயங்குதளம் அதைக் கேட்கக்கூடும்.

பின்னர் மின்னேற்றியைப் பிரித்து, முதன்மை மின்கலத்தைக் கழற்றி, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். சிமாஸ் மின்கலம் சில மாதிரிகளில் அடிப்புற நினைவகமூடியின் கீழேயே இருக்கும். சிலவற்றில் விசைப்பலகையின் கீழ் இருக்கும். தாய்ப்பலகையின் மறுபக்கத்தில் அமைந்திருந்தால் முழுக் கணினியையும் பிரிக்க நேரும். திங்க்பேட் போன்ற மாதிரிகளுக்கு உற்பத்தியாளரின் பராமரிப்புக் கையேடு பொதுவில் கிடைக்கிறது. திருப்புளியை எடுக்குமுன் அதைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மடிக்கணினிகளில் மின்கலம் பெரும்பாலும் நெகிழி உறையிடப்பட்டு, இரு கம்பிகளும் இணைப்பியும் கொண்டதாக இருக்கும். கம்பியைப் பிடித்து இழுக்காமல் இணைப்பியைப் பிடித்தே கழற்ற வேண்டும். ஒரேமாதிரித் தோன்றும் இணைப்பிகளிலும் சிவப்பு, கருப்புக் கம்பிகள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது கட்டாயம். வெறும் மின்கலத்தின்மீது நேரடியாகப் பற்றவைத்தல் கூடாது. அவ்வெப்பமே அதைக் கெடுத்துவிடும். பற்றவைக்கும் தகடுகளுடன் கூடிய மின்கலங்கள் இதற்கெனவே விற்கப்படுகின்றன.

பழைய மேசைக் கணினிகளில் இம்மின்கலத்தைக் கழற்றினால் பயாஸ் கடவுச்சொல் அழிந்துவிடுவதுண்டு. அலுவலகப் பயன்பாட்டு மடிக்கணினிகள் பலவற்றில் அது வேறொரு நிலைத்த நினைவகத்தில் இருப்பதால் அழிவதில்லை.

கழற்றிய மின்கலத்தில் மின்சாரம் இன்னும் எஞ்சியிருக்கலாம். குழந்தைகள் இதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் உண்டாகும். உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை அது. இரு பக்கங்களிலும் ஒட்டுநாடாவைச் சுற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்க்கும்வரை கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.