சீருடை அழுக்கானால் என்ன?

எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அலைகிற பெற்றோர் கேட்கிற கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ஏ.சி. வகுப்பறையா? ஸ்மார்ட் போர்டு உண்டா? எப்போது எழுத வைப்பீர்கள்? பிள்ளை மண்ணில் இறங்க இடமிருக்கிறதா என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விளையாட்டுத் திடல் என்று பல இடங்களில் காட்டுவதும் செயற்கைப் புல் விரித்த மொட்டைமாடிதான்.

திறந்தவெளிக்கே முதலிடம் தந்த பள்ளியும் உண்டு. லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் 1914-இல் ரேச்சல், மார்கரெட் மெக்மில்லன் சகோதரிகள் திறந்தவெளி நர்சரிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காக அல்ல. வெயில் எட்டாத நெரிசல் குடியிருப்புகளில் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் வந்து கால் வளைந்த ஏழைக் குழந்தைகளுக்காக. ஒரு பக்கம் திறந்த கொட்டகைதான் வகுப்பறை. மற்றதெல்லாம் தோட்டம்: காய்கறிப் பாத்தி, மூலிகைச் செடி, மரங்கள். கூடவே கல்லும் தகரமுமாக ஒரு குப்பை மேடு, பிள்ளைகள் கிளறி விளையாட! குளியல், சாப்பாடு, பகல் தூக்கம் எல்லாம் அங்கேயே. 1917-இல் ரேச்சல் இறந்த பிறகும் மார்கரெட் விடாமல் நடத்தினார்.

குப்பை மேட்டிலும் மண்ணிலும் என்ன படிப்பு என்று கேட்கலாம். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று மணலில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவதைக் கவனியுங்கள். தண்ணீர் காணாமல் போகிறது. திரும்ப ஊற்றுகிறது, அதுவும் போகிறது. பிறகு பள்ளம் தோண்டி, ஓரமெல்லாம் களிமண்ணை அப்பி ஊற்றிப் பார்க்கிறது. இப்போது கொஞ்ச நேரம் நிற்கிறது. இதற்கிடையே பக்கத்துப் பிள்ளையிடம் மக்கைப் பிடுங்காமல் கேட்டு வாங்கவும் பழகிவிடுகிறது. நாளை பென்சில் பிடிக்கப்போகிற விரல்களுக்கு மண் பிசைவது சும்மா வேலையில்லை.

உடம்புக்கும் இதனால் பலன் உண்டா? பின்லாந்தில் குழந்தைகள் காப்பக முற்றங்களில் காட்டுத் தரையையே பெயர்த்து வந்து பரப்பிப் பார்த்தார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். 28 நாட்களில் அவர்கள் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பு ஒழுங்காவதன் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிந்தன. 2020-இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 75 பேர்தான். மண்ணே மருந்து என்று கிளம்பிவிட அது போதாது.

நம்மூர் வெயிலில் நாள் முழுக்க வெளியே விட முடியாதுதான். காலை பத்து மணிக்குள், வேப்பமர நிழலில் ஒரு மணி நேரம் விடலாமே. சலித்த மணல், கொட்டாங்குச்சி, பழைய கரண்டி, கவனிக்க ஓர் ஆயா இருந்தால் போதும். மாலையில் மட்டும் மறக்காமல் மணலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெருப் பூனைகள் அதைக் கழிப்பறை ஆக்கிவிடும்.