பள்ளத்தாக்கின் தெய்வங்கள் – 14: ஒரு சாமத்துச் சனி

சுரபி நதிக்கரையில் இரும்பால் சனீஸ்வரர் உருவம் செய்து வைத்து, சந்திரவதனன் கைகூப்பி நின்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். மணிநகர மன்னன் தினகரன், அவன் எடுத்து வளர்த்த இந்தப் பிள்ளை, பிறகு அவனுக்கே பிறந்த சதாகன் – மூவரையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த வாரம் சோணைக் கருப்பரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் தலபுராணத்தில் வரும் ஓர் எண் என்னை விடவில்லை.

வளர்த்த தகப்பனைப் பிடித்த துன்பத்தைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்கிறான் சந்திரவதனன். பெற்ற பிள்ளை கேட்கவில்லை, எடுத்து வளர்த்தவன் கேட்கிறான். சனீஸ்வரர் மனமிரங்கி, ஏழரை நாழிகை மட்டும் அவனைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஏழரை ஆண்டுக்குப் பதில் ஏழரை நாழிகை என்பது வெறும் அலங்காரம் என்றுதான் பலரும் வாசித்துக் கடப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஏழரை நாழிகை சரியாக 3 மணி நேரம். அதுதான் ஒரு சாமம்! நாளின் எட்டில் ஒரு பங்கு.

இன்னொரு பக்கம் வானத்துக் கணக்கு. சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு. அதை 30 என்று கொண்டால், 12 ராசியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை ஆண்டு. ஜென்ம ராசிக்கு முந்தியது, ஜென்மம், பிந்தியது என்று மூன்று ராசிக்கு ஏழரை. ஆண்டுக்கு ஒரு நாழிகை என்று இறங்கிவந்த தண்டனை, ஏறத்தாழ 21,900 மடங்கு சுருங்கிவிடுகிறது.

ஏழரை ஆண்டை யாரும் ஒரே மூச்சில் நினைத்துப் பார்க்க முடியாது. ஒரு சாமம் அப்படியில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருந்தவளுக்கு, வாய்க்காலில் முறைத்தண்ணீருக்குக் காத்துக்கிடந்த சம்சாரிக்கு அதன் நீளம் உடம்பிலேயே தெரியும். இந்தக் கதையை முதலில் சொன்னவர் மனிதர் தாங்கக்கூடிய அளவு எது என்று அறிந்தவர். சந்திரவதனன் அந்த ஒரு சாமத்தைத் தாங்கினான். சனீஸ்வரர் இங்கேயே சுயம்புவாக எழுந்தருளினார். குச்சுப்புல் வேய்ந்து கோயில் கட்டியதால் செண்பகநல்லூர் குச்சனூர் ஆயிற்று என்பது ஊர் வழக்கு.

திருநள்ளாற்றில் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், சனீஸ்வரருக்குத் தனிச் சந்நிதி. குச்சனூரில் அவரே மூலவர். சுயம்பு வளர்ந்துகொண்டே போகிறது என்ற நம்பிக்கையில் மஞ்சள் காப்புக் கட்டி வைத்திருக்கிறார்கள். பூஜை முடிந்ததும் காகத்துக்குச் சாதம் வைக்கிறார்கள். காகம் வந்து கொத்தும்வரை சுற்றி நிற்பவர்களின் கண் அந்தச் சோற்றை விட்டு அகலாது. எடுக்காவிட்டால் குறை ஏதோ இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டு மறுபடி வேண்டுகிறார்கள்.

ஆடிச் சனிக்கிழமைகளில்தான் கூட்டம். சுரபியில் முழுகி, எள் தீபம் ஏற்றி, மண்ணில் செய்த காகமும் உப்பும் பொரியும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தச் சுரபியை ஊர்க்காரர்கள் ராஜவாய்க்கால் என்றும் சொல்வார்கள். முல்லைப் பெரியாறு அணையில் இருப்பு போதுமானதாக இருந்தால், ஜூன் 1-ல் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். ஆடி பிறக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடும், இருபுறமும் நடவு நடக்கும். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணைக்கும் இந்தத் திருமுழுக்குக்கும் உள்ள உறவு தனி அத்தியாயத்துக்கே தாங்கும். வயல்காரர்களிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.

சோணைக் கருப்பருக்கு மதுப் படையல் வைக்கும் முறையும், சனீஸ்வரர் கோயிலுக்குள் கருப்பர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதும் அடுத்த வாரம்.

(தொடரும்)