கணனியும் நமது மொழியின் வயதும்

திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என விஷ்ணுப்ரியா கொலிபாகம் குழுவினர் 2018இல் கணித்தனர். இதனைத் ‘தமிழின் வயது’ என ஒஸ்லோ மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறேன். உண்மையில் இது அக்குடும்பம் பிரியத் தொடங்கிய காலம்.

கணனிக்குச் சொல் தெரியாது, எண்தான் தெரியும். 20 மொழிகளில் 100 கருத்துகளுக்கான சொற்களைத் திரட்டி, ஒரே வேரிற் பிறந்தவற்றுக்கு ஒரே எண்ணை இடுபவர் மனிதரே. தமிழின் ‘இரத்தம்’, தெலுங்கின் ‘ரக்தமு’ இரண்டுக்கும் ஒரே எண்ணை இட்டால் கணனி அவற்றை உறவென்றே கொள்ளும். ஆனால் இரண்டுமே சமஸ்கிருதத்திலிருந்து வந்த கடன். மெய்யான உறவு பழந்தமிழ் ‘நெய்த்தோர்’, தெலுங்கு ‘நெத்துரு’, கன்னட ‘நெத்தரு’ ஆகியவற்றிடையே உள்ளது.

எனவே கடன்சொல்லைக் கடன் என்றே குறிக்கவேண்டும். எந்தச் சொல்லை எந்த ஊரவரிடம் பெற்றோம், எந்த அகராதியைக் கொண்டு உறவென்று தீர்மானித்தோம் என்பவற்றையும் பதியவேண்டும். அப்போதுதான் பிறர் சரிபார்க்கலாம், திருத்தலாம். இல்லையேல் ‘தமிழ்’ என்னும் ஒரே நிரலுக்குள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எல்லாம் காணாமற் போய்விடும்.

வயதைச் சொல்லிப் பெருமைப்படுவோர் முதலில் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். யாருடைய தமிழ் அதில் இருக்கிறது என்ற கேள்வியை நாமே எழுப்பாவிட்டால் வேறெவர் எழுப்புவார்?