தவளையின் சுவாசப்பையில் புலப்பட்ட மார்க்கம்

இருதயத்தினின்று புறப்படும் உதிரம் மீண்டும் இருதயத்தையே வந்தடைகிறதென்று 1628-இல் நூலெழுதி நிலைநாட்டிய வில்லியம் ஹார்வி, நாடிகளிலிருந்து அது சிரைகளுக்குள் புகும் மார்க்கத்தைக் கண்ணாரக் காணாமலே 1657-இல் காலமானார். இத்தாலிய வைத்தியர் மார்ச்செல்லோ மால்பீகி, உலர்த்திய தவளையின் சுவாசப்பையைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, காற்றறைகளின் சுவர்மீது வலைபோற் படர்ந்திருந்த தந்துகிகளை 1661-இல் உலகுக்கு அறிவித்தார். பொறுமையின் மகத்தான பலன் அது.

மனித சுவாசத்திலும் உதரவிதானம் தாழ்ந்து மார்பு விரிய, உட்புகும் காற்றிலுள்ள பிராணவாயு, மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லிய சவ்வைக் கடந்து உதிரத்திற் கலக்கிறது. கரியமிலவாயு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. இப்பரிமாற்றத்துக்கு, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும் வாயுக்களின் சுபாவமே போதுமானதாயிருப்பது எத்துணை ஆச்சரியம்! நாம் இளைப்பாறும் வேளையிலும், ஓர் உதிர அணு அத்தந்துகியைக் கடக்கும் காலம் ஒரு விநாடிக்கும் குறைவே.